சனிக்கிழமைத் தாளும் ஞாயிற்றுக்கிழமைத் தாளும்: ஒரு தெரிவுப் பரீட்சைக்குச் சமான வினாத்தாள்கள் அமைத்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

இலங்கையின் யாழ்ப்பாண மாவட்டத்தில், வலிகாமத்திலும் தீவகத்திலும் உள்ள சில பாடசாலைகளின் தரம் 11 மாணவர்களுக்காக இலவச விஞ்ஞான மீட்டல் வகுப்பு ஒன்று நடக்கிறது. வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவர்கள் செலவைப் பொறுப்பேற்கிறார்கள். ஆய்வுகூட வசதி, ஆசிரியர் எண்ணிக்கை, மதிய உணவு எல்லாவற்றையும் கணக்கிட்டு இடங்களை 60 என்று மட்டுப்படுத்தியிருக்கிறார்கள். விண்ணப்பிப்பவர்களோ 230 பேர் அளவில். கட்டணம் கட்டித் தனியார் கல்வி நிலையத்துக்குப் போக இயலாத வீடுகளின் பிள்ளைகளே இவர்களில் பெரும்பாலானோர். ஆகவே இங்கே ஒரு புள்ளி கூடுவதும் குறைவதும் ஒரு பிள்ளையின் ஓர் ஆண்டைத் தீர்மானிக்கும் காரியம்.

தரம் 11 முடிவில் எழுதும் பொதுப் பரீட்சையான க.பொ.த. சாதாரண தரத்தின் விஞ்ஞானத் தாள் முதலாம் பகுதியைப் போலவே தெரிவுப் பரீட்சையிலும் 40 பல்தேர்வு வினாக்கள், வினாவுக்கு நான்கு விடைகள், ஒரு மணி நேரம். மண்டபத்தில் 120 பேருக்கு மேல் இருத்த முடியாது. அதனால் பாதிப்பேர் சனிக்கிழமையும் மீதிப்பேர் ஞாயிற்றுக்கிழமையும் எழுதுகிறார்கள். நான் கணித ஆசிரியன். மூன்றாம் ஆண்டில் வினாத்தாள் அமைப்பில் உதவும்படி என்னை அழைத்தார்கள். முதல் இரண்டு ஆண்டுகளைப் பற்றி இங்கே எழுதுபவை, குழுவின் பதிவேடுகளிலிருந்தும் பாதுகாத்து வைத்திருந்த விடைத்தாள்களிலிருந்தும் எடுத்தவை.

முதல் இரண்டு ஆண்டுகளில் கண்டவை

முதலாம் ஆண்டில் இரண்டு நாளும் ஒரே தாள். சனிக்கிழமை மதியத்துக்குள் வினாக்கள் தொலைபேசிவழி ஊர் முழுக்கப் பரவிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை எழுதியவர்கள் கடினமான கணக்குகளைக் கோடு கிழிக்காமலே சரியாக விடையளித்திருந்தார்கள்; இலகுவான வினாக்களிலோ வழமைபோலத் தவறியிருந்தார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. அப்படி ஒரு தாளை வைத்தவர்கள் பெரியவர்கள்.

இரண்டாம் ஆண்டில் இரண்டு தாள்கள். அனுபவமுள்ள ஆசிரியர்கள் இருவர் அலகுவாரியாக வினாக்களைப் பிரித்து, ஒவ்வொன்றையும் இலகு, நடுத்தரம், கடினம் என்று குறித்து, இரண்டு தாளிலும் எண்ணிக்கை ஒத்திருக்கும்படி அமைத்தார்கள். சனிக்கிழமையின் இடை (சராசரி) 24 புள்ளி, ஞாயிற்றுக்கிழமையின் இடை 20. தெரிவானவர்களில் 43 பேர் சனிக்கிழமை எழுதியவர்கள், 17 பேர் ஞாயிற்றுக்கிழமை எழுதியவர்கள்.

முடிவு வெளியான வாரத்தில் ஒரு தாய் மகளுடன் வந்தார். மகள் ஒரு புள்ளியால் இடத்தைத் தவறவிட்டவள். அவர் சத்தம் போடவில்லை. "சேர், பிள்ளை சனிக்கிழமை எழுதியிருந்தால் எடுபட்டிருப்பாளா?" என்று மட்டும் கேட்டார். குழுவில் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை.

விடைத்தாள்களை மீண்டும் எடுத்துப் பார்த்தபோது காரணத்தில் ஒரு பங்கு தெரிந்தது. இரண்டு தாளிலும் 21ஆம் வினா மின்னியல், இரண்டுக்கும் 'நடுத்தரம்' என்று குறிப்பு. சனிக்கிழமைத் தாளில் 2 ஓம், 3 ஓம் தடையிகள் தொடராக 10 வோல்ற்று மின்கலவடுக்குடன் இணைக்கப்பட்டிருந்தன; மின்னோட்டம் கேட்கப்பட்டது. கூட்டினால் 5, வகுத்தால் 2 அம்பியர். ஞாயிற்றுக்கிழமைத் தாளில் 6 ஓமும் 3 ஓமும் சமாந்தரமாக, 12 வோல்ற்று. சமவலுத் தடை 2 ஓம், மொத்த மின்னோட்டம் 6 அம்பியர். ஆசிரியருக்கு இரண்டும் இரண்டு வரிக் கணக்கு. ஆனால் முதலாவதைப் பத்துப் பேரில் எட்டுப் பேர் சரியாகச் செய்திருக்க, இரண்டாவதை நான்கு பேரே செய்திருந்தார்கள். தாள் ஓரத்தில் 6 + 3 = 9 என்று எழுதிய கிறுக்கல்கள் வரிசையாக இருந்தன. இப்படிப் பத்து வினாக்கள் ஒரே பக்கம் சாய்ந்தால் நான்கு புள்ளி போய்விடும்.

ஆனாலும் நான்கு புள்ளி முழுவதையும் தாளின் தலையில் கட்ட முடியாது. அந்த ஆண்டு சனிக்கிழமைக்கு நகரை அண்டிய பாடசாலைகளையும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தூரத்துப் பாடசாலைகளையும் ஒதுக்கியிருந்தார்கள். இடை குறைந்ததற்குத் தாள் கடினம் என்பதும் காரணமாகலாம், அந்தப் பாடசாலைகளில் பல மாதம் விஞ்ஞான ஆசிரியர் இல்லாதிருந்ததும் காரணமாகலாம். இரண்டையும் பிரித்தறிய வழியே இல்லாதபடி ஏற்பாடு அமைந்திருந்தது. என் பார்வையில் அந்த ஆண்டின் பெரிய பிழை இதுதான்.

மூன்றாம் ஆண்டு: எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு கணினியோடு தொடர்பில்லாதது. எந்தப் பிள்ளை எந்த நாள் என்பதைப் பாடசாலைவாரியாக ஒதுக்காமல் எழுமாற்றாகச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தோம். குலுக்கிப் பிரித்த இரண்டு குழுக்களின் ஆற்றல் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும். பிறகு இடைகளில் வரும் வித்தியாசத்தைத் தாளின் வித்தியாசமாகப் பார்க்கலாம். ஒரே வீட்டு இரட்டையர் வெவ்வேறு நாள் வர நேர்ந்தது, பெற்றோர் சிலர் முகம் சுளித்தார்கள். விளக்கிச் சொன்னபோது ஏற்றுக்கொண்டார்கள்.

இரண்டாவது முடிவு, மூன்று தாள்கள் அமைப்பது. அவற்றில் மூன்றாவது தாள், அந்த நாட்களில் வர இயலாதவர்களுக்கான ஒதுக்குத் தாள். வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்தால் நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகு ஓடாது. அந்தப் பிள்ளைகளுக்குப் பழைய தாளைக் கொடுப்பதோ இடத்தை மறுப்பதோ நியாயமாகாது.

மூன்றாவது முடிவு, வினாவின் கடினத்தை ஆசிரியரின் கணிப்பில் விடாமல் பிள்ளைகளின் விடைகளிலிருந்தே அளப்பது. பழைய பயிற்சித்தாள்களிலிருந்து 164 வினாக்களைத் தேர்ந்தோம். யாரிடம் பரீட்சித்துப் பார்ப்பது என்பதில் நீண்ட பேச்சு நடந்தது. போட்டியிடும் பிள்ளைகளிடம் காட்ட முடியாது. கடைசியில் ஓர் ஆசிரியை நல்ல வழி சொன்னார்: சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறுக்காகக் காத்திருக்கும் மாணவர்கள். அவர்களுக்கு இதில் போட்டியும் இல்லை, பாடமும் இன்னும் மறக்கவில்லை. 130 பேர் சம்மதித்தார்கள். வினாக்களை 8 தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு சேர்க்கையில் நான்கு தொகுதிகள் கொடுத்து, இரண்டு மாலைகளில் எழுதவைத்தோம். இதனால் ஒவ்வொரு வினாவுக்கும் 65 பேரளவில் விடையளித்தார்கள். தொகுதிகளுக்கிடையே பொதுவான மாணவர்கள் இருந்ததால், டென்மார்க் கணிதவியலாளர் ஜோர்ஜ் ராஷ் 1960 இல் வெளியிட்ட, மாணவரின் ஆற்றலையும் வினாவின் கடினத்தையும் ஒப்பிட்டுச் சரியான விடை வரும் வாய்ப்பைக் கணிக்கும் கணித மாதிரியைக் கொண்டு எல்லா வினாக்களின் கடினத்தையும் ஒரே அளவுகோலில் வைக்க முடிந்தது. வினா ஒன்றுக்கு நூற்றுக்கணக்கானோரின் விடை கிடைக்காத இடத்தில் ராஷ் மாதிரிதான் பொருத்தம். கூடுதல் அளவுகளைக் கேட்கும் மாதிரிகளுக்கு எங்களிடம் இருந்த தரவு போதாது.

கையால் முயன்றது

முதலில் கணினியின்றி முயன்றோம். 1950 இல் அமெரிக்க உளஅளவையியலாளர் ஹரோல்ட் கலிக்சன் எழுதிய முறை எளிமையானது. கிடை அச்சில் கடினமும் நிலைக்குத்து அச்சில் வல்ல மாணவரையும் பின்தங்கியவரையும் பிரித்தறியும் திறனுமாக ஒவ்வொரு வினாவையும் ஒரு புள்ளியாக வரைபுத்தாளில் குறிக்க வேண்டும். அருகருகே விழும் புள்ளிகளை மும்மூன்றாகக் கூட்டி, எது எந்தத் தாளுக்கு என்று குலுக்கிப் போட வேண்டும். ஒரு மாலையில் முடித்துவிட்டோம். கடினம் அழகாகச் சமப்பட்டது.

பாடப்பரப்புச் சமப்படவில்லை. ஒரு தாளில் ஒளியியல் ஐந்து வினா, இன்னொன்றில் ஒன்றுமே இல்லை. அதைத் திருத்த ஒன்றை மாற்றினால் கடினம் பிசகியது. கடினத்தைத் திருத்தினால் கணக்கு வினாக்கள் ஒரே தாளில் குவிந்தன. 164 வினாக்களிலிருந்து 40 ஐத் தெரிந்தெடுக்கும் வழிகளின் எண்ணிக்கை 39 இலக்கங்கள் கொண்டது. அது ஒரு தாளுக்கு மட்டும். மேசையில் சீட்டுகளை நகர்த்தி அதற்குள் தேட இயலாது.

நிபந்தனைகளை எழுதியது

இந்தத் தேடலை 0, 1 மாறிகள் கொண்ட நேரியல் நிரலாக்கமாக (நிபந்தனைகளுக்குள் மிகச் சிறந்த தெரிவைக் காணும் கணித முறையாக) எழுதலாம் என்று 1985 இல் நெதர்லாந்தைச் சேர்ந்த தெயுனிசன் காட்டினார். ஒவ்வொரு வினாவுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு மாறி. வினா அந்தத் தாளில் இருந்தால் 1, இல்லையென்றால் 0. எங்களுக்கு 164 × 3 = 492 மாறிகள். எக்செல் மென்பொருளோடு வரும் சொல்வர் 200 மாறிகளுக்கு மேல் ஏற்காது. ஆகவே ஆர் என்னும் இலவச மென்பொருளையும் அதனுடன் ஜி.எல்.பி.கே. என்னும் இலவசத் தீர்ப்பானையும் ஒரு பழைய மடிக்கணினியில் நிறுவினேன்.

நிரலை எழுத ஒரு மாலை போதுமாயிற்று. நிபந்தனைகளை எழுத நான்கு மாலைகள் பிடித்தன. 'சமான தாள்' என்றால் எவையெவை சமம் என்று குழு அதுவரை தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. இந்த வேலை முழுவதிலும் அந்த நான்கு மாலைகளையே அதிகப் பயனுள்ளவையாக நினைக்கிறேன்.

எழுதியவை இவை. ஒரு வினா ஒரு தாளில் மட்டும் வரலாம். ஒவ்வொரு தாளிலும் சரியாக 40 வினா. ஒவ்வோர் அலகுக்கும் ஒரு கீழெல்லை, ஒரு மேலெல்லை. படமுள்ள வினாக்களும் கணக்கு வினாக்களும் மூன்று தாளிலும் ஒரே எண்ணிக்கை. மொத்தச் சொற்களின் எண்ணிக்கையில் தாள்களுக்கிடையே 60 சொல்லுக்கு மேல் வித்தியாசம் கூடாது. மெதுவாக வாசிக்கும் பிள்ளைக்கு நீளமான தாள் தனியாக ஒரு தண்டனை. ஒன்றுக்கொன்று விடை சொல்லிக்கொடுக்கும் வினாக்கள் ஒரே தாளில் சேரக் கூடாது. உதாரணமாக, ஒரு வினா 'ஒளித்தொகுப்பின்போது வெளிவிடப்படும் வாயு யாது?' என்று கேட்கிறது. இன்னொன்று 'ஒளித்தொகுப்பில் வெளியேறும் ஒட்சிசனைச் சேகரிக்கும் அமைப்பு படத்தில் காட்டப்பட்டுள்ளது' என்று தொடங்குகிறது. இரண்டையும் ஒரே தாளில் வைத்தால் முதல் வினாவுக்குக் கொடுக்கும் புள்ளி வீண்.

கடைசியாக இலக்கு. ராஷ் அளவுகோலில் மூன்று ஆற்றல் நிலைகளை எடுத்தோம்: பின்தங்கிய மாணவர், நடுத்தர மாணவர், தெரிவு எல்லையருகே நிற்கும் மாணவர். ஒவ்வொரு நிலையிலும் உள்ள ஒருவர் மூன்று தாள்களிலும் பெறக்கூடிய புள்ளிகளுக்கிடையே வரும் மிகப்பெரிய வித்தியாசத்தை முடிந்தவரை குறைக்க வேண்டும். இடைகளை மட்டும் சமப்படுத்தினால், எல்லையருகே தாள்கள் பிசகியிருந்தாலும் தெரியாமல் போகும். முடிவு எடுக்கப்படுவதோ அந்த எல்லையில்தான்.

தீர்வு இல்லை என்று வந்ததும் பிறகும்

முதல் ஓட்டத்தில் 'தீர்வு இல்லை' என்று வந்தது. நிபந்தனைகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்ததில் காரணம் கிடைத்தது. தாளுக்கு மூன்று இரசாயனக் கணக்கு என்று கேட்டிருந்தோம். மூன்று தாளுக்கு ஒன்பது வேண்டும். எங்கள் வினா வங்கியில் இருந்தவை எட்டு. இரசாயன ஆசிரியர் அன்றிரவே புதிதாக எழுதித் தர முன்வந்தார். மறுத்தோம். பரீட்சித்துப் பாராத வினாவின் கடினம் எங்களுக்குத் தெரியாது. அதைச் சேர்த்தால் இரண்டாம் ஆண்டு செய்த பிழையையே சிறிய அளவில் திரும்பச் செய்வோம். தாளுக்கு இரண்டு என்று நிபந்தனையைத் தளர்த்தினோம். சில நிமிடங்களில் தீர்வு வந்தது. மூன்று தாள்களின் எதிர்பார்க்கும் புள்ளிகளுக்கிடையே மிகப்பெரிய வித்தியாசம் 0.04.

அந்த எண்ணை வைத்து மகிழ வேண்டாம் என்று குழுவிடம் அன்றே சொன்னேன். 65 பேரின் விடைகளிலிருந்து பெற்ற ஒரு வீதத்தில் நூற்றுக்கு ஆறளவு பிசகு இருக்கும். ஒரு தாளில் 40, மற்றதில் 40 என்று 80 வினாக்களின் பிசகுகள் சேரும்போது, இரண்டு தாள்களின் உண்மையான வித்தியாசம் 0.06 ஐ 80 இன் வர்க்கமூலத்தால் பெருக்கிய அளவில், அதாவது அரைப் புள்ளியளவில், இருக்கலாம். கணினி மதிப்பீடுகளைத் துல்லியமானவை என்று நம்பித்தான் சமப்படுத்துகிறது.

அதன் பிறகு தாள்கள் மூத்த ஆசிரியை ஒருவரிடம் போயின. அவர் ஒவ்வொரு தாளையும் பிள்ளையைப் போல முதலிலிருந்து வாசித்தார். நாங்கள் குறிக்கத் தவறிய, விடை காட்டிக்கொடுக்கும் இணைகள் மூன்றைக் கண்டுபிடித்தார். ஒரு தாளின் மின்னியல் வினாக்கள் எல்லாம் மின்குமிழைப் பற்றியே இருப்பதையும் சுட்டினார். ஒவ்வொன்றும் புதிய நிபந்தனையாகியது. ஐந்தாவது ஓட்டத்துக்குப் பிறகு, "இதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை" என்றார். எந்தத் தாள் எந்த நாள் என்பதையும் குலுக்கியே முடிவு செய்தோம்.

நடந்தது

சனிக்கிழமை 116 பேரும் ஞாயிற்றுக்கிழமை 113 பேரும் எழுதினார்கள். அந்த வார இறுதியில் படகு ஓடாததால் நெடுந்தீவுப் பிள்ளைகள் எழுவர் அடுத்த வாரம் ஒதுக்குத் தாளை எழுதினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் ஒரு பிள்ளை கையை உயர்த்தி, 17ஆம் வினாவின் படத்தில் கோடு தெரியவில்லை என்றது. குவிவு வில்லையின் கதிர்ப்படம். போட்டோப் பிரதியில் ஒரு கதிர் மங்கி, சில தாள்களில் அறவே மறைந்திருந்தது. திருத்தியபோது அந்த வினாவைச் சரியாகச் செய்தவர்கள் எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை. எல்லோருக்கும் ஒரு புள்ளி கொடுத்துவிடலாம் என்று ஒரு கருத்து வந்தது. அப்படிச் செய்தால் ஞாயிற்றுக்கிழமைத் தாள் இலகுவாகிவிடும். அதை நீக்கி, மற்ற இரண்டு தாள்களிலிருந்தும் கடினத்தில் அதற்கு மிக நெருங்கிய ஒரு வினாவை நீக்கினோம். எல்லோருக்கும் அதிகபட்சப் புள்ளி இப்போது 39. யாருடைய பெயரையும் மொத்தப் புள்ளியையும் பார்க்கும் முன்பே இந்த முடிவைக் கூட்டக் குறிப்பில் எழுதிக் கையெழுத்திட்டோம்.

சனிக்கிழமை இடை 22.9, ஞாயிற்றுக்கிழமை 22.4. நியம விலகல் இரண்டிலும் 6.5 அளவில். வித்தியாசம் அரைப் புள்ளி. இந்த எண்ணிக்கையில் தற்செயலாகவே ஒன்றே முக்கால் புள்ளி வரை இருபுறமும் ஆடலாம். ஆகவே தாள்கள் சரிசமம் என்று நிரூபித்துவிட்டோம் என எழுத மாட்டேன். முந்தைய ஆண்டைப் போன்ற நான்கு புள்ளி வித்தியாசம் இல்லை என்று மட்டும் துணிந்து சொல்லலாம். புள்ளிகளில் எந்தத் திருத்தமும் செய்யவில்லை. ஒதுக்குத் தாளைப் பற்றி ஏழு பேரின் விடைகளிலிருந்து எதையும் சொல்ல முடியாது. அங்கே மாதிரியின் கணிப்பை மட்டுமே நம்பினோம்.

ஒரு கேள்வி மீந்திருந்தது. தாள்கள் எவ்வளவு சமமானாலும், 39 பல்தேர்வு வினாக்கள் ஒரு பிள்ளையை எவ்வளவு துல்லியமாக அளக்கும்? நம்பகத்தன்மைக் குணகம் 0.83 (1 என்றால் பிழையே இல்லாத அளவீடு). அதன்படி ஒருவரின் புள்ளியில் 2.7 அளவு நியம வழு இருக்கிறது. ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஒருவரை உள்ளேயும் மற்றவரை வெளியேயும் நிறுத்த அது இடம் தராது. எல்லைப் புள்ளிக்கு இருபுறமும் 2 புள்ளிக்குள் நின்றவர்கள் 57 பேர். அதற்கு மேலே நின்ற 35 பேருக்கு நேரே இடம் கொடுத்தோம். 57 பேரையும் அடுத்த சனிக்கிழமை ஒன்றாக அழைத்து, ஒரே நேரத்தில் ஒரே தாளில் குறுவிடை வினாக்களை எழுதவைத்து, மீதி 25 இடங்களை அதன்படி நிரப்பினோம். 57 பேரை ஒரே மண்டபத்தில் இருத்த முடியும். அங்கே சமான தாள் என்ற சிக்கலே எழவில்லை. இறுதித் தெரிவில் இரண்டு நாட்களிலிருந்தும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில் பிள்ளைகள் வந்தார்கள்.

மாற்ற வேண்டியவை

வினாக்களின் வரிசையை நிபந்தனையாக எழுத மறந்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமைத் தாளில் கணக்குகள் கடைசிப் பக்கத்தில் குவிந்திருந்தன. வெறுமையாக விடப்பட்ட விடைகளும் அங்கேதான் அதிகம். அந்த அரைப் புள்ளியில் ஒரு பங்கு இதிலிருந்து வந்திருக்கலாம். அடுத்த முறை ஒவ்வொரு பத்து வினாவுக்குள்ளும் எத்தனை கணக்கு என்பதையும் சமப்படுத்துவோம்.

அச்சிட்ட தாளில் படமுள்ள பக்கங்களைப் பிரதி பிரதியாகப் பார்க்க ஒருவரை நியமிக்க வேண்டும். 17ஆம் வினாவின் பிழைக்கு அரை மணி நேரப் பார்வை போதுமாயிருந்திருக்கும்.

பயன்படுத்திய 120 வினாக்களும் இனி ஊருக்குத் தெரிந்தவை. வங்கியில் மிஞ்சியவை 44. பெறுபேறுக்காகக் காத்திருக்கும் அடுத்த தொகுதி மாணவர்களிடம் பரீட்சிக்கப் புதிய வினாக்களை இப்போதே எழுதத் தொடங்கியிருக்கிறோம். இரசாயனக் கணக்குகளில் இதுவரை பன்னிரண்டு எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றில் நான்கை மூத்த ஆசிரியை ஏற்றுக்கொண்டிருக்கிறார். எட்டைச் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறார்.